பத்து வருஷ வியாதியோட வர்றவங்களுக்கு ஹோமியோ மருந்து எப்படி பாத்து எடுக்குறது: காரைக்குடில இருந்து ஒரு அண்ணன்

ஹோமியோபதி டிகிரியான பிஎச்எம்எஸ் முடிச்சு புதுசா போர்டு மாட்டுன தம்பிங்க தங்கச்சிங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. "அண்ணே, சளி காய்ச்சல்னா மருந்து டக்குனு மனசுல வந்துருது, ஆனா முட்டி வலி, வயித்துல கேஸ், அரிப்பு, தூக்கமில்லன்னு மஞ்சப்பை நிறைய ஃபைலோட வந்து உக்கார்ற ஆளுக்கு எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான், பேஷண்ட் பேசிக்கிட்டே இருப்பாங்க நான் மனசுக்குள்ள மருந்து பேரா உருட்டிக்கிட்டு இருப்பேன், கடைசில ரஸ்டாக்ஸ்னு எழுதிட்டு வேர்த்துப்போய் உக்காந்துருப்பேன். இப்ப செய்யிற முறைய அப்படியே எழுதுறேன், படிச்சுட்டு வேணும்ங்கிறத எடுத்துக்கங்க. வீட்டுல புத்தகத்த வச்சுக்கிட்டு சொந்தக்காரங்களுக்கு மருந்து குடுக்குறவங்க இத படிச்சீங்கன்னா, நாள்பட்ட கேஸ தொடாதீங்க, அதுக்கு பதிவு பண்ண டாக்டர்கிட்ட போங்க, ஏன்னு படிக்கிறப்ப புரியும்.

ஒரு விஷயத்த முன்னாடியே சொல்லிடுறேன், இல்லன்னா மறைச்ச மாதிரி ஆயிரும். ஹோமியோ மருந்து பாட்டில்ல போட்டுருக்குற 30சின்னா 1க்கு 100ன்னு முப்பது தடவ கரைக்கிறது, 1 போட்டு 60 சைபர் போடணும். 12சி தாண்டுனாலே அவகாட்ரோ எண் கணக்குப்படி மூலப்பொருளோட ஒரு மூலக்கூறு கூட அதுல இருக்க வாய்ப்பு இல்ல. 2015ல ஆஸ்திரேலியாவோட தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இருக்குற ஆய்வு எல்லாத்தையும் அலசிப் பாத்துட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி வேலை செய்யிதுன்னு நம்பகமான ஆதாரம் இல்லன்னு சொல்லிருச்சு. இத படிச்சுட்டு நான் கடைய மூடல, ஆனா அதுக்கப்புறம் எங்கிட்ட வர்றவங்ககிட்ட "இது உங்க பிரஷர் மாத்திரைக்கு பதில் இல்ல, அதோட சேத்துத்தான்"னு சொல்லாம அனுப்புனது கிடையாது. நான் செய்யிற வேலையில முக்கால்வாசி கேக்குறதுதான், மாத்திரை கடைசில வர்றது. அந்த கேக்குற வேலைய ஒழுங்கா செஞ்சா என்னென்ன கிடைக்கும்னுதான் இங்க எழுதப்போறேன்.

அதனால மருந்து தேடுறதுக்கு முன்னாடி ஃபைல தேடுங்க. மஞ்சப்பைய வாங்கி டேபிள்ல கொட்டி தேதி வாரியா அடுக்குங்க. கடைசியா சுகர் பாத்தது எப்ப, பிரஷர் பாத்தது எப்ப, தைராய்டு, ரத்தத்துல ஹீமோகுளோபின், கிட்னிக்கு கிரியேட்டினின் இதெல்லாம் பாத்துருக்காங்களா. நீங்களே பிபி பாருங்க, அதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். காரணமே இல்லாம எடை குறையிது, மலத்துல ரத்தம் போகுது இல்ல தார் மாதிரி கருப்பா போகுது, மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம் படுது, மார்ல கட்டி, மாடி ஏறுனா நெஞ்ச அடைக்கிது, முதுகு வலியோட கால் மரத்துப் போயி யூரின் கட்டுப்பட மாட்டேங்குது, இதுல ஒண்ணு இருந்தாலும் கேஸ் ஷீட்ட மூடிட்டு ஜிஎச்சுக்கோ ஃபிசிஷியன்கிட்டயோ லெட்டர் எழுதிக் குடுத்து அனுப்புங்க, போனாங்களான்னு மறுநாள் போன் பண்ணி கேளுங்க. அம்பது வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச தலைவலியும் இந்த லிஸ்ட்தான், பிரஷரும் ஈஎஸ்ஆர்ங்கிற ரத்த டெஸ்டும் பாக்காம அதுக்கு மருந்து தேடுறது தப்பு.

அடுத்து, என்னென்ன மாத்திரை சாப்புடுறாங்கன்னு கேளுங்க. "ஒண்ணும் இல்ல தம்பி"ன்னுதான் சொல்லுவாங்க, நம்பாதீங்க. மெடிக்கல்ல பேரு சொல்லாம "அந்த செவப்பு மாத்திரை"ன்னு வாங்கி தினம் ஒண்ணு போட்டுக்கிட்டு இருப்பாங்க, அது வலி மாத்திரையா இருக்கும், அதுதான் வயித்து கேஸ் பிரச்சனைக்கும் காரணமா இருக்கும், பிரஷரயும் ஏத்திக்கிட்டு இருக்கும். பேரு போடாத பொட்டலத்துல பவுடர் வாங்கி சாப்புட்டு முகம் நிலா மாதிரி உப்பியிருந்தா அதுல ஸ்டீராய்டு கலந்துருக்குமோன்னு யோசிங்க, ஆனா உடனே நிறுத்தச் சொல்லிடாதீங்க, ஸ்டீராய்ட பட்டுனு நிறுத்துனா ஆளுக்கே ஆபத்து, அத குறைக்க வேண்டியது ஃபிசிஷியன். இன்சுலின், தைராய்டு, வலிப்பு, இதயம், இந்த மாத்திரைங்கள்ல எதையும் நம்ம வாயால நிறுத்துன்னு சொல்லக்கூடாது. ஹோமியோபதிய உண்டாக்குன சாமுவேல் ஹானிமனே நோய் நீடிக்கிறதுக்கு காரணமா ஏதாச்சும் வெளிய இருந்தா முதல்ல அத எடுன்னுதான் சொன்னாரு, மருந்து அப்புறம். இந்த இடத்த நம்மாளுங்க வேகமா தாண்டிப் போயிருவாங்க.

சரி, இதெல்லாம் முடிஞ்சு, ஆள் நம்மகிட்ட உக்கார வேண்டிய ஆள்தான்னு தெரிஞ்சப்புறம் கேஸ் டேக்கிங், அதாவது அவங்க கதைய முழுசா கேட்டு எழுதுறது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முதல் பதினஞ்சு நிமிஷம் நீங்க வாயத் திறக்கக் கூடாது, அவங்க சொல்றத அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. "முட்டிக்குள்ள உளி வச்சு தட்டுற மாதிரி இருக்கு"ன்னு சொன்னா அப்படியே எழுதுங்க, அத முட்டி வலின்னு சுருக்கிட்டீங்கன்னா மருந்து போச்சு. அவங்க நிறுத்துனா "அப்புறம் ஆச்சி?" அவ்வளவுதான். ஆம் இல்லன்னு பதில் வர்ற கேள்வி கேக்காதீங்க, "உங்களுக்கு இனிப்பு புடிக்குமா"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல். ஆச்சி தனியா வர மாட்டாங்க, மருமகளோ மகளோ கூட வருவாங்க, இல்லன்னா சிங்கப்பூர்ல இருந்து மகன் வீடியோ கால்ல இருப்பாரு, பேசுறது பூராம் அவங்கதான். "அம்மாவுக்கு கோவம் ஜாஸ்தி டாக்டர், பத்தியமே இருக்க மாட்டாங்க"ன்னு. அதையும் குறிச்சுக்கங்க, பக்கத்துல யார் சொன்னதுன்னும் எழுதுங்க, அப்புறம் நயமா அவங்கள வெளிய திண்ணையில உக்கார வச்சுட்டு ஆச்சிகிட்ட தனியா பேசுங்க, லேடி பேஷண்ட்னா பக்கத்துல அசிஸ்டன்ட் பொண்ணு இருக்கட்டும். எனக்கு மருந்து கிடைச்ச கேஸ் பலதுலயும் அந்த கடைசி பத்து நிமிஷத்துலதான் கிடைச்சுருக்கு. வீட்டுக்கே போயி பாக்க முடிஞ்சா இன்னும் நல்லது, இருவது ரூம் இருக்குற வீட்டுல பங்காளிங்க எல்லாம் சென்னைக்கும் மலேசியாவுக்கும் போயிட்டு ஒரே ஒரு ஆச்சி ரெண்டாங்கட்டுல ஒரு கட்டில்ல படுத்துருக்குறத பாத்தீங்கன்னா தூக்கம் ஏன் வரலங்கிறதுக்கு ரெபர்டரி (எந்த அறிகுறிக்கு எந்த மருந்துன்னு தேடுற புத்தகம்) தேவையே இல்ல.

இப்ப நான் ரொம்ப சொல்லணும்னு நினைக்கிற இடத்துக்கு வர்றேன். நம்ம புத்தகங்க எல்லாம் ஜெர்மனிலயும் அமெரிக்காவுலயும் எழுதுனது. ஹானிமன் மைசன்ல பொறந்து பாரிஸ்ல செத்தவரு, கெண்ட் அமெரிக்காக்காரரு, அவரோட ரெபர்டரி வந்தது 1897ல. அதுல இருக்குற கேள்விய அப்படியே தமிழ்ல திருப்பி காரைக்குடியில கேட்டா தப்பான பதில்தான் வரும். "தாகம் அதிகமா"ன்னு சித்திரை மாசம் கேட்டா ஊரே ஆமான்னு சொல்லும். ஒரு நேரத்துல செம்பு நிறைய மடக் மடக்னு குடிக்கிறாங்களா, இல்ல பக்கத்துல டம்ளர வச்சுக்கிட்டு ஒவ்வொரு வாயா உறிஞ்சுறாங்களா, வேர்த்துக் கொட்டுற வெயில்லயும் தண்ணி குடிக்கணும்னே தோணாதா, அப்படிக் கேளுங்க. முதல் ஆள் பிரயோனியாங்கிற மருந்து பக்கம், ரெண்டாவது ஆர்சனிகம், மூணாவது பல்சட்டில்லா பக்கம் போவும்.

ஹாட் பேஷண்டா (சூடு ஆகாதவங்க) சில்லி பேஷண்டா (குளிர் ஆகாதவங்க)ன்னு பாக்குறதும் அப்படித்தான். வெயில் தாங்கலன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. மார்கழில கேளுங்க, இல்ல மார்கழிய ஞாபகப்படுத்தி கேளுங்க: காலையில பச்சைத்தண்ணில குளிப்பீங்களா, ஃபேன் ஓடணுமா, போர்வைக்குள்ள இருந்து கால வெளிய நீட்டுவீங்களா, ஆத்தங்குடி தரையில வெறுங்கால் வச்சா சுகமா இருக்கா இல்ல ஜில்லுனு ஏறுதா. கால வெளிய நீட்டுறவங்க, உள்ளங்கால் எரியிதுன்னு தரையில தேய்க்கிறவங்க சல்ஃபர் பக்கம், சித்திரையிலயும் காலுக்கு சாக்ஸ் கேக்குறவங்க சிலிசியா பக்கம், நெத்தி வேர்த்து தலையணை நனையிறவங்க கல்கேரியா கார்ப் பக்கம். காத்தோட்டமா இருந்தா நல்லாருக்குதாங்கிற கேள்விய "முற்றத்துல உக்காந்தா நல்லாருக்கா உள் ரூம்ல படுத்தா நல்லாருக்கா"ன்னு கேட்டா ஆச்சிக்கு உடனே புரியும். கல்யாண வீட்டுக் கூட்டத்துல மூச்சு முட்டுதுன்னு முகப்புக்கு வந்து நிக்கிறவங்கள நீங்களே பாத்துருப்பீங்க.

சாப்பாடும் அப்படித்தான். காரம் புடிக்குமான்னு செட்டிநாட்டுல கேக்குறது கேள்வியே இல்ல. வீட்டுல எல்லாரையும் விட இவங்களுக்கு மட்டும் என்ன கூடுதலா வேணும், என்ன ஆகாது, அதுதான் கணக்கு. உக்காரையும் கந்தரப்பமும் எல்லாரும் தின்பாங்க, ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு மேல வயிறு உப்பி வேட்டிய தளத்திக்கிட்டு உக்காந்துருக்குற ஆளு, பந்தியில ரெண்டு இடியாப்பம் வச்ச உடனே "போதும்ப்பா நிறைஞ்சுருச்சு"ன்னு கைய காட்டுற ஆளு, அதே ஆளு வீட்டுக்கு வந்து ஒளிச்சு வச்சு இனிப்பு தின்னா லைக்கோபோடியம் ஞாபகத்துக்கு வரணும். கடையில உக்காந்தே இருந்து நாலு காபி குடிச்சு ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் கணக்கு பாத்துட்டு காலையில கக்கூஸ்ல அரை மணி நேரம் உக்காந்தும் பாதிதான் போச்சுன்னு எரிஞ்சு விழுற ஆளுக்கு நக்ஸ் வாமிகா, அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம எட்டிக்கொட்டைதான், ஊர்ல எட்டி மரத்த தொடவே பயப்படுவாங்க. கடுங்கசப்புக் கொட்டை கடுகடுன்னு இருக்குற ஆளுக்குன்னு ஞாபகம் வச்சுக்கிட்டீங்கன்னா மறக்காது.

இப்ப முக்கியமான வித்தியாசம் ஒண்ணு. நோய்க்கு உரிய குறி (அறிகுறி) வேற, ஆளுக்கு உரிய குறி வேற. தன்னோட ஆர்கனான் புத்தகத்துல 153வது பத்தியில ஹானிமன் இததான் சொல்றாரு, விசித்திரமா தனிச்சு நிக்கிற குறிக்குத்தான் மதிப்பு, தலைவலி பசியின்மை அசதின்னு பொதுவா எல்லா நோய்லயும் வர்றதுக்கு இல்லன்னு. உதாரணத்துக்கு முட்டி தேய்மானம். உக்காந்து எந்திரிக்கிறப்ப புடிக்கிது, நாலு எட்டு நடந்தா சரியாகுது. நம்ம பசங்க இத கேட்ட உடனே ரஸ்டாக்ஸ்னு எழுதிருவாங்க. ஆனா தேய்மானம் உள்ள முட்டி எல்லாமே அப்படித்தான் பண்ணும், காலையில ஒரு பத்து இருவது நிமிஷம் இறுக்கமா இருந்து நடந்தா விடும், அது அந்த நோயோட குணம், அந்த ஆளோட குணம் இல்ல. (அந்த இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்து, விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தா அது முடக்குவாதமா இருக்கலாம், அதுக்கு ரத்த டெஸ்டும் ரூமடாலஜிஸ்டும் வேணும், சீக்கிரம் போனாத்தான் மூட்ட காப்பாத்த முடியும்.) ரஸ்டாக்ஸ்னு எழுதணும்னா அதுக்கு மேல வேணும்: ஐப்பசி மழைக்கு ஈரச் சேலையோட நின்னப்புறம் ஆரம்பிச்சது, ராத்திரி ஒரு பக்கமா படுக்க முடியாம புரண்டுக்கிட்டே இருக்குறது, வெந்நீர் ஒத்தடம் குடுத்தா சுகம், இப்படி. இதுக்கு நேர் எதிரா, அசையவே கூடாது, வலிக்கிற பக்கமாவே அழுத்திப் படுத்தா சுகம்னா பிரயோனியா. மழை ஈரம் வந்தா மத்தவங்களுக்கு வலி கூடும், இவருக்கு குறையிதுன்னா காஸ்டிகம் பாருங்க, அது உண்மையிலேயே விசித்திரமான குறி.

ஒரு கேஸ முழுசா சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தி. 58 வயசு ஆச்சி, முட்டி வலி, அதோட ஆறு வருஷமா தலைவலி, தூக்கம் இல்ல. கூட வந்தது மகள். முதல் நாள் பிபி பாத்தேன் 170/100, அது வரைக்கும் யாருமே பாக்கல. தலைவலிக்கும் முட்டிக்கும் சேத்து நாலு வருஷமா தினம் வலி மாத்திரை. அன்னைக்கு நான் ஹோமியோ மருந்து எதுவும் குடுக்கல. ஃபிசிஷியன்கிட்ட அனுப்பி பிரஷருக்கு மாத்திரை ஆரம்பிச்சு, ஈஎஸ்ஆர், சுகர், கிட்னி எல்லாம் பாத்து சரியா இருந்துச்சு, கண்ணும் பாத்தாச்சு. வலி மாத்திரைய அவரே நிறுத்தச் சொன்னாரு. முதல் வாரம் தலைவலி கூடுச்சு, ஆச்சி போன் பண்ணி திட்டுனாங்க, அப்புறம் மாசக் கடைசில பாத்தா பாதி தலைவலி காணோம். மாசத்துல பாதி நாளுக்கு மேல வலி மாத்திரை போட்டா அந்த மாத்திரையே தலைவலிய வளக்கும். அந்த மாசம் நான் ஏதாச்சும் மருந்து குடுத்துருந்தேன்னா அந்த பேரு அந்த மருந்துக்குப் போயிருக்கும், நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டு கேஸ் சரியாச்சுன்னு எழுதி வச்சுருப்பேன்.

மிச்சம் இருந்த தலைவலிக்குத்தான் கேஸ் எடுத்தேன். காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு வெயில் ஏற ஏற ஏறி, சாயங்காலம் தணியும். சின்னச் சின்ன சுத்தியலா தட்டுற மாதிரின்னாங்க. மகள் வெளிய போனப்புறம் கேட்டேன், ஆறு வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு ஆச்சின்னு. ஐயா தவறிட்டாங்களாம். சடங்கு, வந்தவங்களுக்கு சாப்பாடு, பங்காளிங்க கணக்கு, எல்லாத்தையும் இவங்கதான் நின்னு பாத்தாங்க, யார் முன்னாடியும் அழல. "யாராச்சும் வந்து தோள தொட்டு ஆச்சி மனச தேத்திக்கங்கன்னு சொன்னா எனக்கு எரிச்சலா வரும் தம்பி, எந்திரிச்சு உள்ள போயிருவேன்." ராத்திரி தனியா படுத்து பழசையே நினைச்சுக்கிட்டு கிடப்பாங்க. மோருக்கு ஒரு புடி உப்பு, மாங்கா ஊறுகாய் இல்லாம சோறு எறங்காது, உப்புக்கண்டம்னா உசுரு. கீழ் உதட்டு நடுவுல ஒரு வெடிப்பு.

இத படிச்ச பசங்க இந்நேரம் மருந்த சொல்லியிருப்பீங்க. ஆனா சொல்றதுக்கு முன்னாடி ரெபர்டரில போட்டுப் பாருங்க, மனசுக்கு புடிச்ச மருந்துதான் எப்பவும் மொதல்ல ஓடி வரும். அதுக்கு நான் எடுத்த ரூப்ரிக் (ரெபர்டரில உள்ள அறிகுறித் தலைப்பு) அஞ்சே அஞ்சு. துக்கத்துக்கு அப்புறம் வந்த உபாதை, ஆறுதல் சொன்னா அதிகமாகுறது, உப்பு ஆசை, வெயில்ல தலைவலி, தலைவலி காலை பத்து மணிக்கு. கெண்ட் சொன்ன வரிசை இதுதான், மனசு முதல்ல, உடம்பு பூராவுக்கும் பொதுவானது அடுத்து, ஒரு உறுப்புக்கு மட்டும் உள்ளது கடைசி. முட்டி வலிய நான் எடுக்கவே இல்ல, ஏன்னா அதுல அவங்களோட தனித்தன்மை ஒண்ணும் இல்ல. சாஃப்ட்வேர்ல முப்பது ரூப்ரிக்க தட்டுனா எப்பவும் சல்ஃபரும் லைக்கோபோடியமும்தான் மேல வந்து நிக்கும், அதுங்க பெரிய மருந்துங்க, எல்லா ரூப்ரிக்லயும் இருக்கும். கெண்ட் ரெபர்டரில மருந்து பேரு கொட்டை எழுத்துல இருந்தா 3, சாய்வெழுத்து 2, சாதா எழுத்து 1ன்னு மார்க், அந்த மார்க்க கூட்டி முதல் மார்க் வாங்குன மருந்த குடுக்குறது பரிச்சை பேப்பர் திருத்துற மாதிரி, மருந்து எடுக்குற மாதிரி இல்ல. மேல வர்ற நாலஞ்சு மருந்த எடுத்துக்கிட்டு மெட்டீரியா மெடிக்காவுல (ஒவ்வொரு மருந்தோட குணத்தயும் சொல்ற புத்தகம்) போயி படிக்கணும், எது இந்த ஆள் மாதிரியே இருக்குன்னு.

எனக்கு நின்னது நேட்ரம் மூர், இக்னேஷியா, செபியா மூணும். இக்னேஷியாவும் துக்கம்தான், ஆனா அது புது துக்கம், பெருமூச்சு, தொண்டையில உருண்டை, இப்ப சிரிச்சு இப்ப அழுகுறது. இவங்களுது ஆறு வருஷமா உள்ள ஊறிக் கிடக்குறது. செபியான்னா வீட்டு ஆளுங்க மேலயே ஒட்டுதல் விட்டுப் போயிருக்கும், அடிவயிறு எறங்கி வர்ற மாதிரி இருக்கும், ஆச்சிக்கு அது இல்ல, மகள் வெளிய எந்திரிச்சுப் போனப்ப அவங்க கண்ணு கூடவே போச்சு. நேட்ரம் மூர்தான். கறியுப்பு. உப்ப விட முடியாத ஆளுக்கு உப்பையே மருந்துன்னு சொல்றது கேக்க வேடிக்கையாத்தான் இருக்கும், ஆனா அதுலயே ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கு. ஹோமியோ டாக்டருக்கு உப்பு ஆசை ஒரு ரூப்ரிக், 170 பிரஷர் உள்ள ஆளுக்கு அது விஷம். ரூப்ரிக் கிடைச்ச சந்தோஷத்துல ஊறுகாய நிறுத்தச் சொல்ல மறந்துறாதீங்க. நான் எழுதிக் குடுத்த சீட்டுல முதல் வரி உப்பு குறைக்கணும், ரெண்டாவது வரி பிரஷர் மாத்திரை தினமும், மூணாவது வரி தொடை தசைக்கு பயிற்சி, நாலாவதுதான் நேட்ரம் மூர்.

பொட்டன்சி (எத்தனை தடவ கரைச்சதுங்கிறது) பத்தி ரொம்ப சண்ட போடுவாங்க, நான் ரொம்ப பேசல. வழக்கம் என்னன்னா மனசுக்குறி தெளிவா இருந்து ஆள் கொஞ்சம் தெம்பா இருந்தா 200 சிங்கிள் டோஸ், உறுப்பு ரொம்ப கெட்டுப் போயிருந்தா இல்ல வயசாகி தளந்துருந்தா 30ல இருந்து, எடுத்த எடுப்புல 1எம் 10எம்னு (ஆயிரம், பத்தாயிரம் தடவ கரைச்சது) போக வேணாம். குடுத்துட்டு காத்திருங்க, நாலு வாரம். தினமும் மருந்த மாத்துனீங்கன்னா எது என்ன செஞ்சுச்சுன்னு உங்களுக்கே தெரியாது. காத்திருக்குற நாளைக்கு வெறும் சாக்லாக் (பால் சர்க்கரை) உருண்டைய குடுக்குற வழக்கம் இருக்குல்ல, பேஷண்டுக்கு தினமும் எதாச்சும் சாப்புட்டாத்தான் திருப்தின்னு, அத முன்ன நானும் சொல்லாம குடுத்துருக்கேன். இப்ப சொல்லிட்டே குடுக்குறேன், "இந்த பாட்டில்ல மருந்து இல்ல ஆச்சி, பழக்கத்துக்கு"ன்னு. யாரும் கோவிச்சுக்கல, சில பேரு அந்த பாட்டிலே வேணாம்னுட்டாங்க, எனக்கு டிராம் பாட்டில் மிச்சம்.

நாலஞ்சு மருந்த ஒண்ணா கலந்து வர்ற கூட்டு டானிக், சொட்டு மருந்து பக்கம் நாள்பட்ட கேஸ்ல போகாதீங்க. மதர் டிங்சர்ல (கரைக்கிறதுக்கு முன்னாடி உள்ள மூலச் சாறு) நிஜமாவே மூலப்பொருள் இருக்கு, ஆல்கஹால் இருக்கு, சேராங்கொட்டை மாதிரி சமாச்சாரம்லாம் அந்த அளவுல சும்மா இல்ல, ஈரல் கெட்டவங்களுக்கும் வேற மாத்திரை சாப்புடுறவங்களுக்கும் இன்னும் யோசிக்கணும்.

பத்தியம்னு ஒரு லிஸ்ட் போடுவோம்ல, காபி, பச்சை வெங்காயம், பூண்டு, கற்பூரம்னு. செட்டிநாட்டுல பூண்டு இல்லாம ஒரு குழம்பு கிடையாது, கற்பூரம் இல்லாம சாமி ரூம் கிடையாது, சிங்கப்பூர்ல இருந்து டஜன் கணக்குல வர்ற கோடாலித் தைலம் இல்லாம எந்த ஆச்சியும் படுக்க மாட்டாங்க. மருந்து சாப்புடுறதுக்கு முன்ன பின்ன அரை மணி நேரம் விட்டா போதும்னு மட்டும் நான் சொல்றேன். பத்தியத்த பெருசாக்கி வச்சுட்டு, குணமாகலன்னா "நீங்க காபி குடிச்சுட்டீங்க"ன்னு பேஷண்ட் தலையில பழிய போடுறத நான் நிறைய பாத்துருக்கேன், புடிக்காது எனக்கு.

அடுத்து ஃபாலோ அப். "எப்படி இருக்கு"ன்னு கேட்டா "பரவால்ல"ம்பாங்க, அத வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. முதல் நாளே எண்ணிக்கைய எழுதி வச்சுக்கங்க: மாசத்துல எத்தனை நாள் தலைவலி, எத்தனை மணிக்கு தூங்குறாங்க, மாடிப்படி எத்தனை தடவ ஏறுறாங்க, வலி மாத்திரை எத்தனை போட்டாங்க, பிபி என்ன. அடுத்த தடவ அதே கேள்வி, அதே வரிசை. எண்ணிக்கை மாறல, ஆனா "மனசுக்கு நல்லாருக்கு"ன்னா ரெண்டையும் எழுதுங்க. முதல் வாரம் நோய் கூடுச்சுன்னா அத ஹோமியோபதிக் அக்ரவேஷன், நல்ல அறிகுறின்னு சொல்லி சமாதானப்படுத்துற பழக்கம் நம்மகிட்ட ரொம்ப இருக்கு, அது சில சமயம் நோய் நிஜமாவே முத்துறதா இருக்கும், அதனால நேர்ல வரச் சொல்லி உடம்ப பாருங்க. மூணு மாசத்துல எண்ணிக்கையில எந்த மாத்தமும் இல்லன்னா கேஸ திருப்பி எடுங்க, ரெண்டாவது தடவையும் அப்படின்னா "எங்கிட்ட வேல ஆகல, காச வேஸ்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லி அனுப்புற தைரியம் வேணும். நான் அப்படி அனுப்புன ஒருத்தர் பின்னால முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நடந்தே கிளினிக்குக்கு வந்து காட்டிட்டுப் போனாரு.

அந்த ஆச்சிக்கு மாசம் இருவது நாள் இருந்த தலைவலி மூணு மாசத்துல நாலு நாளாச்சு. பிரஷர் மாத்திரையா, வலி மாத்திரைய விட்டதா, உப்பு குறைஞ்சதா, ஆறு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர்கிட்ட உக்காந்து ஐயாவ பத்தி பேசுனதா, நேட்ரம் மூரான்னு கேட்டா நான் சத்தியம் பண்ண மாட்டேன். முட்டி அப்படியேதான் இருக்கு, பயிற்சி ஒழுங்கா செஞ்ச வாரம் நல்லாருக்கும், செய்யாத வாரம் புடிக்கும். அஞ்சாவது தடவ வந்தப்ப தூக்குச்சட்டி நிறைய வெள்ளைப் பணியாரம் கொண்டாந்தாங்க, கூட பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் தலைவலியாம், "எனக்கு குடுத்த அதே உருண்டையில கொஞ்சம் குடுத்து விடுங்க தம்பி"ன்னாங்க. பணியாரத்த வாங்கிக்கிட்டு, அவங்கள ஃபைலோட வரச் சொல்லுங்க ஆச்சி, காலையில வெறும் வயித்துல வந்தா சுகரும் பாத்துடலாம்னு சொல்லி அனுப்புனேன்.